நாலு சக்கரமும் ஒரு நாலாவும்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி சேற்றிலிருந்து காப்பாற்றும், மணலிலிருந்து காப்பாற்றும். ஓடும் ஆற்றிலிருந்து காப்பாற்றுவது கரையில் எடுக்கப்படும் முடிவு மட்டுமே.

ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பள்ளத்தாக்கு. கோடைக்காலக் காலை நேரம். மனாலியிலிருந்து காஸாவுக்குப் போகும் அரசுப் பேருந்து ஓர் ஓடைக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அங்கே பாலம் கிடையாது. சாலை தண்ணீருக்குள் இறங்கி, உருண்டைக் கற்களுக்கு நடுவே காணாமல்போய், மறுகரையில் மீண்டும் தலைகாட்டுகிறது. டிரைவர் இறங்கி வந்து தண்ணீரைப் பார்க்கிறார். நேற்று இருந்த பெரிய கல் இன்றும் அதே இடத்தில் இருக்கிறதா, நீர் எந்தப் பக்கம் பள்ளம் பறித்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறார். தேவைப்பட்டால் நடத்துனரும் நான்கைந்து பயணிகளும் இறங்கிக் கற்களைப் புரட்டிப் போடுகிறார்கள். பிறகு பேருந்து முதல் கியரில், மாடு நடக்கிற வேகத்தில் இறங்கி, ஆடி அசைந்து மறுகரையில் ஏறிப் போய்விடுகிறது.

பின்னால் வரிசையில் நிற்பவை பளபளக்கும் எஸ்.யூ.வி.க்கள். அவற்றில் பல ஃபோர் வீல் டிரைவ். அதாவது, எஞ்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் போகும். முன்னால் போன பேருந்துக்கு அந்த வசதி இல்லை. பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும் சாதாரணப் பேருந்துதான் அது. அதற்குச் சில சாதகங்கள் உண்டு என்பது உண்மைதான்: கனம் அதிகம், சக்கரம் பெரிது, அடித்தளம் உயரம். ஆனால் முக்கியமான சாதகம் இறங்கிப் பார்க்கத் தெரிந்த டிரைவர். ஆற்றைக் கடக்கிற வித்தையில் பாதிக்கு மேல் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. வண்டி வாங்கும்போது அதைச் சேர்த்துத் தருவதில்லை.

மணிக்கணக்கில் மாறும் ஆழம்

கிராம்ஃபூ என்ற இடத்தில் பிரியும் இந்தச் சாலை சத்ரு, சோட்டா தாரா வழியாக ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி இருக்கும் பாதல் வரை சந்திரா நதியின் கரையோடு போகிறது. அங்கிருந்து 4,500 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள குன்ஸும் கணவாயைத் தாண்டினால் ஸ்பிதி. சந்திரா நதி கீழே தாண்டி என்ற இடத்தில் பாகா நதியோடு கலந்து சந்திரபாகா ஆகிறது. சமவெளியில் அதன் பெயர் செனாப். நதியின் இரு பக்கமும் உள்ள பனியாறுகளிலிருந்து உருகி வரும் நீர் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சந்திராவில் விழுகிறது. இந்தக் குறுக்கு ஓடைகளைத்தான் அங்கே 'நாலா' என்கிறார்கள்.

நாலாக்களின் குணம் விசித்திரமானது. மழைநீர் ஓடும் ஆறு மழை பெய்தால் பெருகும், நின்றால் வடியும். பனிநீர் ஓடும் நாலாவோ தினமும் ஒரு முறை பெருகி ஒரு முறை வடியும். இரவில் குளிர், பனி உருகுவது அடங்கிவிடும். எனவே விடியற்காலையில் நீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலிலிருந்து மாலைக்குள் உச்சத்தைத் தொடும். பனியாற்றிலிருந்து வெகு தூரம் வந்துவிட்ட பெரிய நதிகளில் அந்த உச்சம் வந்து சேர இரவுகூட ஆகலாம். வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருக்கும் நாள்தான் இங்கே ஆபத்தான நாள். வெயிலைப் பார்த்துச் சமவெளிக்காரர் சந்தோஷப்படுகிறார். மலைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவேதான் இந்தப் பாதையில் தொழில் செய்யும் டிரைவர்கள் இருட்டோடு கிளம்புகிறார்கள். காலை 8 மணிக்கு முழங்காலுக்குக் கீழே இருந்த தண்ணீர் மாலை 4 மணிக்கு இடுப்பைத் தொடலாம். 'காலையில் வரும்போது கடந்தோமே' என்ற வாதம் அந்த மாலைத் தண்ணீரிடம் எடுபடாது. தண்ணீரோடு கற்களும் உருண்டு வருவதால் நேற்றைய தடமும் இன்று செல்லாது.

விளம்பரத்தின் வெள்ளைச் சிறகு

இந்தியாவில் ஜீப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் தந்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகளைச் சுதந்திர இந்தியாவின் காடுகளும் மலைகளும் எல்லைகளும் பல பத்தாண்டுகள் பார்த்திருக்கின்றன. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. ராணுவமும் போலீஸும் வனத்துறையும் அதை ஓட்டின. அப்போதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் என்பது வேலைக்கான வண்டி. 2020-ல் புதிய மஹிந்திரா தார் வந்த பிறகு அது மாதத் தவணையில் வாங்கும் ஆசையாகவும் ஆகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ரோதாங் கணவாயின் பனியில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த லாஹுல், மனாலியிலிருந்து சுலபமாகப் போய்வரக்கூடிய இடமாகிவிட்டது.

புதிய வண்டி, புதிய சாலை. இரண்டும் சேர்ந்தபோது மூன்றாவதாக வந்து சேர்ந்தது விளம்பரப் படம். வண்டி ஓர் ஓடையில் பாய்கிறது, இரு பக்கமும் தண்ணீர் வெள்ளைச் சிறகுபோல எழும்புகிறது. பார்க்க அழகுதான். ஆனால் ஆற்றைக் கடக்க வேண்டிய வண்டி செய்யக் கூடாத காரியம் அதுதான். அவ்வளவு தண்ணீர் எழும்ப வேண்டுமானால் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் தண்ணீர் பக்கவாட்டில் மட்டுமல்ல, பானெட்டுக்கு உள்ளேயும் எழும்பும். உண்மையிலேயே ஆழமான தண்ணீரைக் கடக்கும் வண்டி துளிகூடச் சிதறாமல், முன்னால் ஒரு சிறு அலையைத் தள்ளிக்கொண்டு போகும். அதைப் படம் எடுத்தால் வண்டி விற்காது.

2023 டிசம்பரில் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மனாலி, லாஹுல் சாலைகள் ஸ்தம்பித்தபோது, ஒரு தார் வண்டி நெரிசலைத் தவிர்க்கச் சந்திரா நதிக்குள்ளேயே இறங்கி ஓடியது. அந்த வீடியோ நாடு முழுவதும் சுற்றியது. போலீசார் அபராதம் விதித்தார்கள். குளிர்காலம், பனி உருகாத நேரம், நதியில் நீர் குறைவு. அதனால் அந்த வண்டி கரையேறியது. வீடியோ பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காரணம் தெரிந்திருக்கும்? அதே இடத்தில் ஜூலை மாதத்து மாலையில் இறங்கியிருந்தால் கதை வேறு.

கொஞ்சம் கணக்கு

ஃபோர் வீல் டிரைவ் என்ன செய்கிறது? ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றவை இழுக்கும். லோ ரேஞ்ச் கியர் போட்டால் வண்டி மிக மெதுவாக, மிகுந்த இழுவிசையோடு ஊரும். சேறு, மணல், கூழாங்கல் எல்லாவற்றுக்கும் இது பெரிய வரம். ஆனால் இந்த வரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. டயர் தரையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அழுத்துவது வண்டியின் எடை. தண்ணீர் முதலில் கை வைப்பது அந்த எடை மேல்தான்.

ஆட்களோடு சேர்த்து 1,750 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். உட்காரும் பகுதியின் அடித்தளம் சுமார் 2.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், தரையிலிருந்து 40 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அடித்தளத்துக்கு மேலே ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் சுமார் 375 கிலோ எடையைத் தூக்கிவிடும். 60 செ.மீ. தண்ணீரில் 750 கிலோ போய்விட்டது. டயர்களின் மேல் மிச்சம் இருப்பது 1,000 கிலோ. உருளும் ஈரக் கற்களின் மேல் அதில் பாதிதான் பிடிமானமாகத் தேறும். அதாவது, சுமார் 500 கிலோ பக்கவாட்டுத் தள்ளலை வண்டி தாங்கும்.

இனி தண்ணீரின் பங்கு. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது ஒருவர் வேகமாக நடக்கும் வேகத்தில் ஓடும் தண்ணீர் இந்த வண்டியின் பக்கவாட்டை ஏறத்தாழ 300 கிலோ விசையோடு தள்ளும். வண்டி நிற்கும். ஆனால் நீரின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். விநாடிக்கு 3 மீட்டர், சைக்கிள் வேகம்தான், அதற்கே தள்ளும் விசை 650 கிலோவைத் தாண்டிவிடும். வண்டி நகர ஆரம்பிக்கும். நகரும் வண்டியில் நான்கு சக்கரங்களும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சுற்றி என்ன பிரயோஜனம்?

தோராயக் கணக்குதான். வண்டிக்கு வண்டி, நாலாவுக்கு நாலா மாறும். ஆனால் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை மக்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் இதே எல்லையைத்தான் காட்டுகிறது. வேகமாக ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துப் போகும். இரண்டு அடி இருந்தால் எஸ்.யூ.வி.க்களையும் லாரிகளையும்கூட அடித்துப் போகும். அரை அடித் தண்ணீரே ஒரு ஆளைக் கீழே தள்ளப் போதும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கதவே இல்லாத பழைய ஜீப்பில் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே போய்விடும். ஓட்டுபவரின் காலணி நனையும், ஆனால் வண்டியின் எடை குறையாது. காற்றுகூடப் புகாதபடி ரப்பர் வைத்து அடைக்கப்பட்ட நவீன வண்டி உள்ளே உலர்ந்திருக்கும். உலர்ந்திருப்பதாலேயே படகுபோல மிதக்கப் பார்க்கும். சொகுசு கூடக் கூடச் சில சமயம் ஆபத்தும் கூடுகிறது.

ஆற்றுக்கு எடை தெரியாது

2022 ஜூலையில் உத்தராகண்டில் ராம்நகர் அருகே, கார்பெட் காடுகளை ஒட்டிய தேலா கிராமத்துப் பக்கம், அதிகாலையில் பெருகி ஓடிய ஓடையைக் கடக்க முயன்ற சுற்றுலாப் பயணிகளின் கார் அடித்துச் செல்லப்பட்டது. 9 பேர் இறந்தார்கள். ஒரு பெண் மட்டும் மீட்கப்பட்டார். 2024 ஆகஸ்டில் பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் ஜெய்ஜோன் அருகே, ஒரு திருமணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் வண்டி மழை வெள்ளம் ஓடிய ஓடையில் சிக்கியது. குறைந்தது 9 பேர் பலி. சிவாலிக் குன்றுகளிலிருந்து இறங்கும் இந்த ஓடைகளை அங்கே 'சோ' என்கிறார்கள். வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல். பிள்ளைகள் விளையாடும் இடம். மலையில் பெய்யும் ஒரு மழையில் சில நிமிடங்களில் ஆறாகிவிடும்.

அவை சாதாரணக் குடும்ப வண்டிகள், ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் பிழைத்திருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்குக் கிழக்கு லடாக்கில் ஷியோக் நதி பதில் வைத்திருக்கிறது. 2024 ஜூன் 28 இரவு, சாசேர் பிராங்ஸா பகுதியில் பயிற்சியில் இருந்த ராணுவ டாங்கி ஒன்று நதியைக் கடக்கும்போது நீர்மட்டம் திடீரென்று உயர்ந்தது. டாங்கி சிக்கிக்கொண்டது. மீட்புப் படையினர் முயன்றும் ஆற்றின் வேகத்தில் பலன் கிடைக்கவில்லை. 5 வீரர்கள் இறந்தார்கள். டி-72 ரக டாங்கியின் எடை 40 டன்னுக்கும் மேல். அதற்குச் சக்கரம் கிடையாது, இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலித் தடம். ஆறுகளைக் கடப்பதையும் மனதில் கொண்டு வடிவமைக்கப்பட்ட இயந்திரம். அதில் இருந்தவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள். அந்த டாங்கிக்கே இந்தக் கதி என்றால், 2 டன்கூட இல்லாத வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள முடியும்?

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. நாலாவில் அது தலைகீழ். காலை விட்டுத்தான் ஆழம் பார்க்க வேண்டும். ஒரு கம்பை ஊன்றி, மெதுவாக, முடிந்தால் கயிறு கட்டிக்கொண்டு. நடந்து கடக்க முடியாத தண்ணீரை வண்டியில் கடக்க நினைப்பது தவறு என்பது உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட பாலபாடம். நடக்க முடிந்தாலும் தண்ணீர் முட்டியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

தண்ணீரின் மேற்பரப்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஆறு அகலமாக விரிந்து சலசலக்கும் இடத்தில் ஆழம் குறைவு, அடியில் கல். குறுகலான இடத்தில், சத்தமில்லாமல், கண்ணாடிபோலக் கறுத்து ஓடும் தண்ணீர் ஆழமானது. சமவெளி ஆட்களைக் கவர்வது அந்த அமைதியான இடம்தான். சத்தம் போடும் தண்ணீரைவிடச் சத்தம் போடாத தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும். கலங்கல் நீராக இருந்தால் அடியில் எதுவும் தெரியாது. முன்னால் ஒரு வண்டி போகும்வரை காத்திருந்து அதன் சக்கரம் எங்கே முங்குகிறது என்று பார்ப்பது நல்லது. அது மறுகரை ஏறும்வரை அடுத்த வண்டி இறங்கக் கூடாது.

இறங்குமுன் செய்ய வேண்டியவை சில. கரையில் இருக்கும்போதே ஃபோர் வீல் டிரைவையும் லோ ரேஞ்சையும் போட்டுவிட வேண்டும். இழுவைக் கயிற்றை முன்கூட்டியே கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். வண்டி நின்றுபோன பிறகு பனிநீரில் மூழ்கிக் கொக்கியைத் தேடுவது எளிதல்ல. கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும், சீட் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். சாலையில் உயிர் காக்கும் பெல்ட் தண்ணீரில் உயிரைக் கட்டிப்போடும். மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடி தண்ணீருக்குள் இறங்காமல் போகலாம், வெளியிலிருந்து நீர் அழுத்தும்போது கதவும் திறக்காது. பழைய வண்டி என்றால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தார்ப்பாயைக் கட்டுவதும், ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துவதும் உண்டு. இல்லாவிட்டால் சுற்றும் விசிறி தண்ணீரை வாரி எஞ்ஜின் மேல் இறைக்கும். நீண்ட தூரம் ஓடிச் சூடாக வந்த வண்டியைச் சற்று ஆறவிடுவதும் நல்லது. சூடான ஆக்ஸில் சில்லென்ற நீரில் முங்கும்போது உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு திறந்து பார்த்தால் கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும்.

தண்ணீரில் இறங்கிய பிறகு விதி ஒன்றுதான். முதல் கியர் அல்லது இரண்டாவது கியர், நடை வேகம், நிற்கக் கூடாது, கியர் மாற்றக் கூடாது, கிளட்சைத் தொடக் கூடாது. சீராகப் போகும் வண்டி தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்பும். அந்த அலைக்குப் பின்னால், எஞ்ஜின் இருக்கும் இடத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழும். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் அலை திரும்பி வந்து எஞ்ஜினை மூழ்கடிக்கும். கரையேறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைக்க வேண்டும். நனைந்த பிரேக்கை நம்பி அடுத்த மலை வளைவில் இறங்கியவர்கள் இரண்டாவது பாடத்தையும் அன்றே படிப்பார்கள்.

நடு ஆற்றில் எஞ்ஜின் நின்றுவிட்டால் மீண்டும் சாவியைத் திருகுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. காற்றுக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதன்மேல் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கம்ப்ரெஷன் அதிகமுள்ள டீசல் எஞ்ஜினில் சேதமும் அதிகம். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இந்த வகை எஞ்ஜின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தராது. அதற்கென்று தனியாகப் பிரீமியம் கட்டிப் பாதுகாப்புச் சேர்த்திருக்க வேண்டும். சாவியைத் திருகிய அந்த ஒரு விநாடியின் விலை சில லட்சங்கள் ஆகலாம்.

கம்பெனிகள் கொடுக்கும் எண்ணையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2020-ல் வந்த தார் 650 மி.மீ. ஆழம் வரை போகும், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 900 மி.மீ. வரை போகும் என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அவை எஞ்ஜினுக்குள் தண்ணீர் புகாத ஆழத்தின் அளவுகள். ஓடும் ஆற்றில் வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆழத்தின் அளவுகள் அல்ல. ஸ்நார்கல் எனப்படும் உயரமான காற்றுக்குழாயைப் பொருத்தினால் எஞ்ஜின் மூச்சு விடும். வண்டி மிதக்காமல் இருக்க அது எதுவும் செய்யாது.

வேறு வழி இல்லாதவர்கள்

பொழுதுபோக்குக்காக நாலாவில் இறங்குபவர்களை மறந்துவிட்டு, வேறு வழியே இல்லாததால் இறங்கியவர்களையும் பார்க்க வேண்டும். அருணாசலப் பிரதேசத்தின் கீழ் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத்தில் டம்புக் என்ற ஊர் ஆரஞ்சுக்குப் பெயர் போனது. பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் திபாங் ஆறும் சிசேரி ஆறும் மழைக்காலத்தில் அந்தப் பகுதியை வெளியுலகிலிருந்து துண்டித்துவிடும். நீர் வடிந்த மாதங்களில் ஜீப்புகள் ஆற்றுப்படுகையில் இறங்கி ஏறின. நீர் பெருகிய மாதங்களில் படகு, சில சமயம் யானை. அரிசியும் மருந்தும் பிரசவ வலி கண்ட பெண்ணும் அப்படித்தான் ஆற்றைக் கடந்தார்கள்.

2018-ல் திபாங் ஆற்றின்மேல் 6.2 கி.மீ. நீளப் பாலம் முடிந்தது. 2019 நவம்பரில் சிசேரி ஆற்றின்மேல் எல்லைச் சாலைகள் அமைப்பு கட்டிய 200 மீட்டர் பாலத்தைப் பாதுகாப்பு அமைச்சர் திறந்துவைத்தார். இன்று டம்புக்கில் ஆண்டுதோறும் நடக்கும் ஆரஞ்சுத் திருவிழாவின் ஓர் அங்கம், அதே ஆற்றுப் படுகைகளிலும் காடுகளிலும் நடக்கும் ஃபோர் வீல் டிரைவ் பந்தயம். முன்பு தலைவிதியாக இருந்தது இப்போது விளையாட்டாகியிருக்கிறது. அது நல்ல மாற்றம்தான். பாலம் வந்த பிறகுதானே ஆறு விளையாட்டாக முடியும். பாலம் இல்லாதவரை அதைச் சாகசம் என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த நாட்டில் பாலம் கிடைக்காத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பாலம் என்ற பெயரில் தரையோடு தரையாகப் போடப்பட்ட தரைப்பாலம் மட்டும் கிடைத்த ஊர்கள் அதைவிட அதிகம். தமிழ்நாடு உட்படச் சமவெளி மாநிலங்களில் பருவமழை தோறும் 'தரைப்பாலத்தைக் கடக்க முயன்றபோது' என்று தொடங்கும் செய்திகள் வருகின்றன. தரைப்பாலத்தில் ஒரு மயக்கம் உண்டு. அடியில் கான்கிரீட் இருக்கிறது, தினமும் போன வழிதானே என்ற தைரியம். மேலே ஓடும் தண்ணீர் அந்தக் கான்கிரீட்டின் ஒரு துண்டை நேற்றிரவே பெயர்த்துக்கொண்டு போயிருக்கலாம். கலங்கல் நீரில் அது தெரியாது. மனாலிக்குப் போகிறவர் ஆண்டுக்கு ஒரு முறை நாலாவைப் பார்க்கிறார். தரைப்பாலம் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே மாலையில் நிற்பவருக்குப் பின்னால் குடும்பம், முன்னால் வீட்டு விளக்கு. 'மெதுவாகப் போனால் போய்விடலாம்' என்ற குரல் அப்போதுதான் பலமாகக் கேட்கும்.

காத்திருப்பதும் ஓட்டத் தெரிந்ததுதான்

அந்தக் குரலுக்கு நாலாப் பாதையின் டிரைவர்கள் வைத்திருக்கும் பதில் மிகச் சாதாரணமானது. அவர்கள் காத்திருக்கிறார்கள். மாலையில் நீர் ஏறிவிட்டால் வண்டியைக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி மேட்டில் நிறுத்திவிட்டு, பாதலிலோ சத்ருவிலோ தாபாவில் பருப்பும் சோறும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அதை அவர்கள் தோல்வியாக நினைப்பதில்லை. பயணிகள் முணுமுணுப்பார்கள். விமானத்தைத் தவறவிடப் போவதாக ஒருவர் கோபிப்பார். டிரைவர் இன்னொரு டீ சொல்வார். இரவு முழுக்க நாலா இரைந்துகொண்டிருக்கும், விடியும் நேரம் அந்த இரைச்சல் தணியும்.

கிராம்ஃபூ - காஸா சாலையை அகலப்படுத்தும் வேலைகளை எல்லைச் சாலைகள் அமைப்பு மேற்கொண்டிருக்கிறது. நாலாக்களின் மேல் ஒவ்வொன்றாகப் பாலங்கள் வரும்போது, இறங்கிப் பார்க்கும் அந்தப் பேருந்து டிரைவரின் வித்தைக்குத் தேவை குறையும். குறையட்டும், யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் மழையில் மூழ்கிய தரைப்பாலம் ஒன்று எங்காவது இருக்கும்வரை, அவர் செய்யும் முதல் காரியத்தை எல்லா டிரைவர்களும் கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீரைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் திரும்பிப் போக வேண்டும். ஆறு காலையிலும் அங்கேதான் இருக்கும். கடக்க வந்தவரும் இருக்க வேண்டும்.